உன் முன் வீல் வந்து சேர்ந்தது

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீ கொழும்பு பஸ்ஸில் போட்டு அனுப்பின சைக்கிள் முன் வீல் நேற்றுச் சாயந்திரம் ஹட்டன் ஸ்டாண்டில் கைக்கு வந்தது. இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கிறாள். மழை இன்னும் விடவில்லை.

குழியில் இறங்கிவிட்டது என்று சொன்னாய். சரி. குழியில் அடி வாங்கின ரிம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அந்த இடம் மட்டும் உள்ளே அமுங்கி, விளிம்பு பிதுங்கும். டியூபில் அக்கம்பக்கமாக ரெண்டு ஓட்டை விழும். இதில் விளிம்பு அப்படியே இருக்கிறது, டியூபில் காத்தும் நிற்கிறது. ரிம்தான் பொரித்த பப்படம் மாதிரி முறுக்கிக் கிடக்கிறது. பக்கவாட்டில் ஏதும் வந்து இடிக்காமல் இப்படி ஆகாது மகன். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அலுமினிய ரிம், நெம்பி நிமிர்த்தினால் வெடிப்பு விடும். புது ரிம் வாங்கி, 36 கம்பியும் புதுசாகக் கோர்த்தேன். சோக்குக்கட்டியை ரிம் ஓரமாகப் பிடித்துச் சுத்தி, கோடு விழுந்த இடத்தில் அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுத்து தளர்த்தி, எதிர்ப் பக்கத்தைக் கால் சுத்து இறுக்கி, ராத்திரி கடை சாத்தும் வரைக்கும் அதே வேலைதான். கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் நெரித்துவிட்டு மறுபடியும் கோட்டம் எடுத்தேன். இப்போது எதைச் சுண்டினாலும் ஒரே சத்தம். கொஞ்ச நாள் ஓடினதும் நீயும் சுண்டிப் பார். தளர்ந்த கம்பிதான் நடுவில் ஹப்பில் மாட்டுகிற வளைவில் அசைந்து அசைந்து அறுந்து போகும்.

முன் வீலைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கையும் பார்க்க வேண்டும். வீல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் திருப்பிப் போட்டுப் பார். அப்பவும் அதே பக்கம் ஒதுங்கினால் கோளாறு ஃபோர்க்கில். ராத்திரியில் ஓடாதே. ஓடினாலும் பின் லைட் இல்லாமல் ஓடாதே. மழையில் டெலிவரி ஓர்டர் எடுக்காதே. ராத்திரியில் ஓடவே வேண்டாம்.

2022ல் பெட்ரோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறினபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வீல் கோட்டம் எடுத்தவன் நீ. நீ கோட்டம் எடுத்த வீலை நான் திரும்பச் சரிபார்த்ததே இல்லை. வந்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு ரிம் மாத்தத் தெரியாமலா எனக்கு அனுப்பினாய்? கம்பி இறுக்குகிற நிப்பிள் சாவியைப் பிடிக்கிற கைக்கு என்ன ஆச்சு? கொஞ்ச நாளாக வீடியோவிலும் முகம் காட்டுவதில்லை, கேமரா பழுது என்கிறாய். ஒளித்து வைக்கிற அளவுக்கு நாங்கள் அந்நியமா?

வீலை பஸ்ஸில் போடப்போவதில்லை. சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி நானே கொண்டு வருகிறேன். நீ புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், அறை விலாசத்தை மெசேஜில் அனுப்பு. ஆஸ்பத்திரித் துண்டு, எக்ஸ்ரே ஏதும் இருந்தால் எடுத்து வை.

அன்புடன்
அப்பா