பாப்-டார்ட்ஸின் பழைய ருசி: கார்த்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கார்த்தி,

கிளீவ்லாந்தில் நீ பள்ளிக்கூடம் போன 90-களில் தின்ற பாப்-டார்ட்ஸுக்கும் (பழக்கூழை உள்ளே வைத்து, டோஸ்டரில் சூடாக்கித் தின்னும் தட்டையான பேஸ்ட்ரி), இப்போது உன் மகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பாப்-டார்ட்ஸுக்கும் ருசியில் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருந்தாய். "எனக்கு வயசாயிடுச்சா அக்கா, இல்ல அவங்க மாத்திட்டாங்களா?" என்றும் கேட்டிருந்தாய். நாக்கும் கொஞ்சம் மாறியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது உண்மையிலேயே மாறிவிட்டது. என்னென்ன மாறியது, அதில் எதை உன் வீட்டு அடுப்பிலேயே மீட்டுவிடலாம் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் எடையைப் பார். எட்டு துண்டு உள்ள பெட்டியில் முன்பு 14.7 அவுன்ஸ், அதாவது 416 கிராம் என்று போட்டிருக்கும். இப்போது 13.5 அவுன்ஸ், 384 கிராம். எட்டால் வகுத்தால், ஒரு துண்டு 52 கிராமாக இருந்தது 48 ஆகியிருக்கிறது. பெட்டியின் தோற்றத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கலோரிக் கணக்கு பார்த்துப் பயந்துவிடாதே. பழைய பெட்டியில் 200 என்று இருந்தது ஒரு துண்டுக்கு. இப்போது ஃப்ராஸ்டட் ஸ்ட்ராபெர்ரியில் 370 என்று இருப்பது இரண்டு துண்டுக்கு. ஃபாயில் உறையைப் பிரித்தால் யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. 2016-ல் வந்த புதிய லேபிள் விதிகள், ஒருவர் ஒரு வேளைக்கு உண்மையில் தின்னும் அளவைத்தான் போட வேண்டும் என்றன. அது நல்ல மாற்றம். அந்த இரண்டு துண்டில் மேலதிகமாகச் சேர்த்த சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 30 கிராம் என்பது இப்போது ஒரே வரியில் கண்ணில் படுகிறது.

மேலே பூசியிருக்கும் சர்க்கரைப் பூச்சான ஃப்ராஸ்டிங்கைத்தான் நீ அசல் என்று நினைக்கிறாய். அது பின்னால் வந்தது. நாய்களுக்கான கெய்ன்ஸ்-பர்கர்ஸ் தீனியை ஈரப்பதம் குறையாமல், குளிர்பெட்டி இல்லாமல் வைத்திருக்க, கெல்லாக்ஸின் போட்டியாளரான போஸ்ட் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. அதே முறையில் பழக்கூழ் வைத்த காலை உணவு ஒன்றைச் செய்து, 1964 தொடக்கத்தில் கன்ட்ரி ஸ்கொயர்ஸ் என்ற பெயரில் அறிவித்தது. ஆனால் கடைக்குக் கொண்டுவரத் தாமதமானது. அந்த இடைவெளியில் கெல்லாக்ஸ், மிஷிகனில் கிராண்ட் ராபிட்ஸில் இருந்த கீப்ளர் பிஸ்கட் தொழிற்சாலையின் மேலாளர் வில்லியம் போஸ்ட்டிடம் போனது. போட்டி நிறுவனத்துக்கும் அவருக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. சில மாதங்களிலேயே பாப்-டார்ட்ஸ் தயாராகி, முதலில் விற்பனைக்கு வந்தது உன் ஊரான கிளீவ்லாந்தில்தான். ஸ்ட்ராபெர்ரி, புளூபெர்ரி, ஆப்பிள் கரன்ட், பிரவுன் ஷுகர் சின்னமன் என்று நான்கு வகை. ஒன்றிலும் ஃப்ராஸ்டிங் கிடையாது. டோஸ்டர் சூட்டில் உருகி வழியாத ஃப்ராஸ்டிங் 1967-ல்தான் வந்தது. வில்லியம் போஸ்ட் 2024 பிப்ரவரியில், 96 வயதில் காலமானார்.

இனி முக்கியமான விஷயம், கொழுப்பு. நீ தின்ற காலத்தில் மேலோட்டில் இருந்தது பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த, அதாவது ஹைட்ரஜன் சேர்த்துப் பாதி இறுகச் செய்த, சோயா, பருத்திக்கொட்டை எண்ணெய். பேக்கரிக்காரர்களுக்கு அது தங்கம். அறைச் சூட்டில் கல்லாகவும் இறுகாது, எண்ணெயாகவும் ஓடாது. மாவோடு சீராகக் கலக்கும். மாதக்கணக்கில் சிக்கு வாடை அடிக்காது. கேடு என்னவென்றால் அதில் டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது, அது இதயத்துக்கு ஆகாது. 2006 ஜனவரி 1 முதல் அதை லேபிளில் காட்ட வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. 2015-ல் அந்த எண்ணெயைப் பாதுகாப்பான பொருள்களின் வரிசையிலிருந்தே நீக்கி, மூன்று வருடம் அவகாசம் கொடுத்தது. இன்று பெட்டியில் இருப்பது சோயா எண்ணெயும் பாமாயிலும், கெடாமலிருக்க டி.பி.எச்.க்யூ.வும்.

பாமாயில் வேறு மாதிரி உறையும். மெதுவாக இறுகும், சூடு ஏறி இறங்கினால் அதன் படிக மணிகள் பெரிதாகும், வாயில் மெழுகாகப் படியும். மேலோடு முன்பு நறநறவென்று உதிரும், இப்போது வறண்டு கிடக்கிறது என்று நீ எழுதியதற்கு என் பதில் பெரும்பாலும் இதுதான். இந்த மாற்றத்துக்காக நான் வருத்தப்பட மாட்டேன். ருசி போனது உண்மை. ஆனால் போக வேண்டிய கொழுப்பு அது.

மற்ற தின்பண்டங்களிலும் இதே கதைதான். மெக்டொனால்ட்ஸில் ஆப்பிள் பை (apple pie) என்ற பழப் பேஸ்ட்ரியை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார்கள், 1992-ல் அமெரிக்காவில் ஓவனில் சுடும் முறைக்கு மாற்றினார்கள். கிரீம் வைத்த சின்ன கேக்கான ட்விங்கீஸ் 2012-ல் நின்று 2013-ல் திரும்பியபோது, 26 நாள் தாங்கியது 45 நாள் தாங்கும்படி மாறியிருந்தது. அதிக நாள் தாங்க வேண்டும் என்றால் ஈரத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும், அதில் கை வைத்தால் மென்மையிலும் கை வைத்ததாகிவிடும். ட்ரிக்ஸ் என்ற காலைத் தானிய உணவில் 2016-ல் செயற்கை நிறத்தை எடுத்துவிட்டுக் காய்கறி, பழச் சாற்று நிறங்களைப் போட்டார்கள். பழைய பளிச் நிறம்தான் வேண்டும் என்று மக்கள் கேட்டு, 2017-லேயே அது கடைக்குத் திரும்பியது. பெற்றோர் கேட்பதும் பிள்ளைகளின் கண் கேட்பதும் ஒன்றல்ல.

பாப்-டார்ட்ஸ் பூரணத்தின் சிவப்பும் அப்படித்தான், ரெட் 40 நிறமி. ஸ்ட்ராபெர்ரி வகையில் உலர்ந்த ஸ்ட்ராபெர்ரியோடு பேரிக்காயும் ஆப்பிளும் சேர்ந்திருக்கின்றன, மூன்றுமே 2 சதவீதமோ அதற்கும் கீழோ உள்ள பொருள்களின் பட்டியலில். அந்தப் புளிப்பு சிட்ரிக் ஆசிடிலிருந்து வருகிறது. இன்னொன்று, உன் வீட்டில் சைவம் என்பதால் சொல்கிறேன்: ஃப்ராஸ்டட் வகைகளில் மாட்டிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. ஃப்ராஸ்டிங் இல்லாத வகைகளின் பட்டியலில் அது இருக்காது. வாங்குமுன் பட்டியலை ஒருமுறை படித்துவிடு.

சூடாக்கும் முறையிலும் கவனம் வேண்டும். டோஸ்டரை ஆகக் குறைந்த அளவில் வைத்து, ஒரே ஒரு சுற்று. மறுபடி அழுத்தாதே. பூரணத்தில் சர்க்கரை அதிகம் என்பதால் மேலோட்டைவிட அது நெடுநேரம் கொதிசூட்டில் இருக்கும், குழந்தை நாக்கைச் சுட்டுக்கொள்வது இதனால்தான். ஓரம் உடைந்த துண்டை டோஸ்டரில் போடவே கூடாது. பாகு கம்பியில் வழிந்து கருகும், துண்டு உள்ளே மாட்டி மேலே எழாமல் போனால் தீப்பிடிக்கும். துண்டு மேலே எழும்வரை பக்கத்திலேயே நில். மைக்ரோவேவ் என்றால் ஃபாயிலை எடுத்துவிட்டு 3 வினாடி போதும்.

இப்போது வீட்டுப் பக்குவம். எட்டுத் துண்டுக்கு 250 கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு, 60 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 60 கிராம் ஷார்ட்டனிங் (வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பு), ஒரு மேசைக்கரண்டி கார்ன் சிரப் (சோளப் பாகு), 50 முதல் 60 மில்லி ஐஸ் தண்ணீர். முழுக்க வெண்ணெய் போட்டால் மணமாக இருக்கும், ஆனால் நீ தேடும் ருசி வராது. அசலில் வெண்ணெய் மணமே கிடையாது, அதனால்தான் பாதிக்குப் பாதி. இப்போது கடையில் விற்கும் ஷார்ட்டனிங்கில் அந்தப் பழைய டிரான்ஸ் எண்ணெய் கிடையாது, பயப்பட வேண்டாம். கார்ன் சிரப்பை விட்டுவிடாதே. சாதாரணச் சர்க்கரையைவிட அது சீக்கிரம் சிவக்கும், மேலோட்டின் அந்த வறுத்த வாசனை அதிலிருந்துதான் வரும்.

பேஸ்ட்ரி என்றதும் வெண்ணெயைப் பட்டாணி அளவுக் கட்டிகளாக விடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் அடுக்கடுக்காக உப்பும். உனக்கு வேண்டியது அடுக்கு இல்லாத, மணலாக உதிரும் மேலோடு. அதனால் கொழுப்பை விரல் நுனியால் ரவை பதத்துக்கு உதிர்த்துவிடு. சிரப்பைத் தண்ணீரில் கரைத்து, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் ஊற்று. பிசையாதே. பிசைந்தால் மாவு இழுவையாகி, அடுப்பில் சுருங்கி, ஒட்டிய ஓரம் வாயைத் திறந்துவிடும். ஒரு மணி நேரம் குளிரவைத்து, 3 மி.மீ. கனத்தில் தேய்த்து, 7-க்கு 10 செ.மீ. அளவில் 16 துண்டு வெட்டு.

பூரணத்துக்கு 150 கிராம் ஸ்ட்ராபெர்ரி ஜாம். 2 தேக்கரண்டி சோள மாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றி, கொப்புளம் வந்து கெட்டியாகும்வரை கிளறு. அடுப்பை அணைத்த பிறகு ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் போடு. கொதிக்கும்போதே போட்டால் அமிலம் சோள மாவின் கெட்டித்தன்மையை உடைத்து, ஜாம் மறுபடி நீர்த்துவிடும். நன்றாக ஆறவிடு. வெதுவெதுப்பாக வைத்தால்கூட மேலோட்டில் கொழுப்பு உருகி அடிப்பக்கம் நைந்துபோகும். சின்னமன் வகை வேண்டுமென்றால் 100 கிராம் பிரவுன் ஷுகர், ஒன்றரைத் தேக்கரண்டி பட்டைப்பொடி, ஒரு மேசைக்கரண்டி மைதா. மைதா இல்லாவிட்டால் சர்க்கரை உருகி வெளியே ஓடிவிடும்.

ஒரு துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி பூரணம், சுற்றிலும் 1 செ.மீ. விட்டு. ஓரத்தில் தண்ணீர் தடவி, மேல் துண்டை வைத்து, உள்ளே காற்று நிற்காமல் அழுத்தி, முள்கரண்டியால் நான்கு பக்கமும் பதித்துவிடு. மேலே ஏழெட்டு ஓட்டை குத்து. ஆவிக்கு வழி இல்லாவிட்டால் நடுவில் உப்பிப் பக்கவாட்டில் கிழியும். அரை மணி நேரம் குளிரவைத்து, ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 22 முதல் 25 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும்வரை. அடிப்பக்கம் வெளுத்திருந்தால் இன்னும் 3 நிமிடம் விடு.

ஐசிங்குக்கு 100 கிராம் ஐசிங் சர்க்கரையில் 3 தேக்கரண்டி பால். கடைச் சரக்கில் உள்ள ஜெலட்டின் உன் ஐசிங்கில் இல்லை, டோஸ்டரில் போட்டால் உருகிக் கம்பியில் வடியும். டோஸ்டர் ஸ்ட்ரூடல் என்ற இன்னொரு டோஸ்டர் பேஸ்ட்ரியில் ஐசிங்கைத் தனி உறையில் கொடுத்து, சுட்ட பிறகு நீயே போட்டுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். நீயும் அதையே செய். வீட்டுத் துண்டுகளில் கொழுப்பு அதிகம், நிற்கவைத்தால் உடையும். அதனால் ஓவனில் படுக்கவைத்து 350 டிகிரியில் 6 நிமிடம் சூடாக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, அப்புறம் ஐசிங் தடவு.

வாரநாள் காலையில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பங்கு செய்து, சுடாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடு. கல்லாக இறுகிய பிறகு பையில் போட்டுக்கொள். உருகவைக்காமல் அப்படியே ஓவனில் வை, நேரம் மட்டும் ஐந்து நிமிடம் கூடும்.

அன்புடன்,
அக்கா