மொய் நோட்டை வாசித்த அத்தைக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

கோடியக்கரையிலிருந்து நேற்று இரவுதான் வீடு திரும்பினேன். ஆதிசேதுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெரியப்பாவின் அஸ்தியைக் கரைத்தோம். சடங்கு செய்து வைத்தவர், "இறந்தவர் பெயரைச் சொல்லுங்கள்" என்றார். வாயைத் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவைதான் பெயர் வெளியே வந்தது. கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாமல், நாற்பது வருடங்களுக்கு மேலாக ஓர் அயல்நாட்டுக் கல்லறையில் வெறும் எண்ணாகக் கிடந்து, டிஎன்ஏவால் இப்போதுதான் யார் என்று தெரியவந்தவரின் பெயர்.

நடந்தது என்ன என்பதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இந்த இரண்டு வருடமும் எங்களோடு இருந்த உங்களுக்கு அது தெரியும். அவர் எப்படி இறந்தார் என்பதையும் இங்கே பேச வேண்டாம். நன்றி சொல்லவே உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அந்தத் துறைமுக ஊரின் மரண விசாரணை அலுவலகத்தில் பழைய கோப்பைக் குப்பைக்கு அனுப்பாமல் காத்து வைத்தவருக்கும், ஓய்வுபெறுவதற்கு முன் இதை முடித்தே தீருவேன் என்று நின்ற அதிகாரிக்கும், மட்கிய எலும்பைப் பொடித்து அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்த ஆய்வகத்தாருக்கும், ஒரு காசு வாங்காமல் இரவும் பகலும் வம்சாவளி தேடிய தன்னார்வலர்களுக்கும், காகிதங்களைத் தயார் செய்து அஸ்தியை ஊர் கொண்டுவந்து சேர்த்த நண்பர்களுக்கும், விமான நிலையத்தில் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் கூடவே நடந்த தம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும், எழுதுவேன்.

டிஎன்ஏவை வைத்துப் பழைய வழக்குகளை அவிழ்ப்பது என்றால் பலருக்கும் முதலில் கொலைகாரன்தான் நினைவுக்கு வருகிறான். 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ பிடிபட்டது உலகமெங்கும் செய்தியானது. 1970களிலும் 80களிலும் 13 பேரைக் கொன்றவன், ஒரு காலத்தில் போலீஸ்காரனாகவே இருந்தவன். அவனது தூரத்து உறவினர்களின் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு குடும்ப மரத்தை வரைந்தவர்களில் ஒருவர் பார்பரா ரே-வென்டர், ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞர். அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. 1981இல் ஓஹியோவில் சாலையோரம் பிணமாகக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு 37 வருடம் கழித்துப் பெயர் கிடைத்தது. அதுவரை அவள் போட்டிருந்த மான்தோல் மேலாடையை வைத்தே அவளைக் குறிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோலீன் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் மார்கரெட் பிரெஸ்ஸும் தொடங்கிய 'டிஎன்ஏ டோ புராஜெக்ட்' செய்த வேலை அது. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், அந்தப் பெண்ணின் பெயர்தான் என்பேன். பிள்ளையைக் காணாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் வீட்டில் வளர்ந்தவன் நான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,400 அடையாளம் தெரியாத உடல்கள் கிடைக்கின்றனவாம். ஒரு வருடம் ஓடியும் அவற்றில் ஆயிரத்துக்குப் பெயர் கிடைப்பதில்லை. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் வாசல்கள்.

அமெரிக்கக் காவல்துறை வழக்கமாகச் செய்கிற சோதனை டிஎன்ஏவில் 20 இடங்களைத்தான் பார்க்கும். அந்த ஆளே பதிவில் இருக்க வேண்டும், அல்லது பெற்றவரோ பிள்ளையோ ஒப்பிடக் கிடைக்க வேண்டும். வம்சாவளித் தேடல் பல லட்சம் இடங்களைப் பார்க்கிறது. அதனால் இருவருக்கும் பொதுவானவர் எள்ளுத் தாத்தாவாக இருந்தால்கூட அந்த உறவு பெரும்பாலும் கண்ணில் படும். இப்படித்தான் பெரியப்பாவின் எலும்பு மலேசியாவின் பினாங்கில் இருக்கும், தூரத்து உறவான ஒரு சகோதரியைச் சுட்டியது. தன் பாட்டி எந்த ஊரிலிருந்து மலேயாவுக்குக் கப்பல் ஏறினார் என்று அறிந்துகொள்ளும் ஆசையில் எச்சிலைக் குழாயில் துப்பி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியவர், முடிவை, டிஎன்ஏக்களை ஒப்பிட்டு உறவினரைக் காட்டும் ஜெட்மேட்ச் தளத்திலும் போட்டு வைத்திருந்தார். சகோதரி, உங்கள் ஆசைதான் எங்களுக்கு விடிவானது.

ஆனால் அங்கிருந்து மேலே போக வழியில்லை. 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வின்படி, 13 லட்சம் பேரின் டிஎன்ஏ கொண்ட தொகுப்பு ஒன்று இருந்தாலே ஐரோப்பிய வம்சத்து அமெரிக்கர்களில் 60 சதவீதம் பேருக்கு எள்ளுத் தாத்தா அளவிலோ அதைவிட நெருக்கமாகவோ ஓர் உறவு அதில் அகப்பட்டுவிடும். நம்மவர்கள் அந்தத் தொகுப்புகளில் மிகக் குறைவு. அங்கே மக்கள்தொகைக் கணக்கு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, செய்தித்தாள் மரண அறிவிப்பு எல்லாம் இருக்கின்றன, குடும்பப் பெயர் பாட்டனிலிருந்து பேரனுக்கு வருகிறது. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் வருகிறது, அதுவும் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. போதாததற்கு மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டிக் கட்டி, ஒரே ஆள் மூன்று வழியில் உறவாக நிற்கிறார். ஒத்துப்போகும் டிஎன்ஏவைச் சென்டிமார்கன் என்ற அலகில் அளக்கிறார்கள்; எள்ளுத் தாத்தா வழி உறவுக்குப் பொதுவாக 73 சென்டிமார்கன் அளவில்தான் ஒத்துப்போகும் என்பது அவர்கள் கணக்கு. நம்மிடம் அந்த எண் ஏறிக்கொண்டே போகிறது, தூரத்து உறவு பக்கத்து உறவாகத் தெரிகிறது. அயர்லாந்துப் பதிவேடுகளில் ஊறிய அந்தத் தன்னார்வலர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் திணறினார்கள்.

பினாங்குச் சகோதரியிடம் இருந்த ஒரே தடயம், பாட்டி சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஊர்ப் பெயர். பேராவூரணிக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம். அங்கேதான் அத்தை இருக்கிறார்.

அவர் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வயது 78. அந்த ஊர்ப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கிய மொய் கடன், செய்தாக வேண்டும். அதனால் நோட்டை யாரும் தொலைப்பதில்லை. அத்தையிடம் அவர் மாமனார் காலத்து நோட்டு ஒன்று இருந்தது. 1968இல் அந்த வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்த மொய். நீள வாக்கில் தைத்த கணக்கு நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். ஊர், இன்னார் மகன் இன்னார், தொகை. பணம் இல்லாதவர்கள் கொண்டுவந்த பித்தளைச் செம்பும் குடமும்கூட வரிசையில் இருக்கின்றன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பேத்தி செல்பேசியில் படம் எடுத்துத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினாள், பாதி எழுத்து தெரியவில்லை. தெரிந்ததையும் அவளால் வாசிக்க முடியவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்து, லையும் னையும் தும்பிக்கை தூக்கி நிற்கின்றன.

"நான் வாசிக்கிறேன், அந்தப் பையனை எழுதிக்கொள்ளச் சொல்" என்றார் அத்தை.

பதினொரு இரவுகள். நம் நேரம் ஒன்பதரைக்கு அவர் திண்ணையில் குண்டு பல்புக்குக் கீழே உட்காருவார். தன்னார்வலர்களில் ஒருவனான, அமெரிக்காவில் படிக்கும் தமிழ்ப் பையன் அந்தப் பக்கம் எழுதிக்கொள்வான். அவர் பெயரை மட்டும் வாசிக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இவர் எந்த வீட்டில் பெண் எடுத்தார், எந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தார், இளையாள் பிள்ளைகள் யார், பிழைக்கப் போனவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்று கொள்வினை கொடுப்பினை முழுவதையும் சொல்லிக்கொண்டே போனார். ஆங்கிலத்தில் எல்லோரும் 'கசின்' ஆகிவிடுகிற இடத்தில் அவர் சொன்னது அத்தை மகன், பெரியம்மா மகள், ஒன்றுவிட்ட மாமன் என்று துல்லியமாக இருந்ததாம். சென்டிமார்கன் கணக்கு குழம்பிய இடமெல்லாம் அதை வைத்துத் தெளிந்தது என்று அந்தப் பையன் என்னிடம் சொன்னான்.

ஒன்பதாவது இரவு என் தாத்தா பெயர் வந்தது. ரூ. 5.00. அத்தை வழக்கம்போல் விளக்கம் சொன்னார்: "இவர் எங்களுக்கு மாமன் மச்சான் வகை. ஊரைக் காலி பண்ணிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள். மூத்த மகன் கப்பல் வேலைக்குப் போனான். போனவன் வரவில்லை."

அந்தப் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான். ஒரு குடும்ப மரத்துக்காகக் கேட்கிறோம் என்று மட்டுமே அவரிடம் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு அந்த மௌனமே போதுமானதாக இருந்தது.

"அவனா?"

"இன்னும் உறுதியாகவில்லை, பாட்டி."

"கொஞ்சம் இரு, தம்பி."

ஃபோனைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கால் மணி நேரம். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவன் நினைத்தானாம். தூரத்தில் வாளி வைக்கிற சத்தமும் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் கேட்டிருக்கின்றன. மார்கழி மாதம், இரவு பத்து மணிக்கு மேல், கிணற்றடியில் பச்சைத் தண்ணீர். திரும்பி வந்து ஈரத் தலையோடு உட்கார்ந்து, "தலை முழுகிவிட்டு வந்தேன். அவனுக்கு என்று இதுவரை யாரும் முழுகியிருக்க மாட்டார்கள். நீ எழுது" என்று அடுத்த வரியை வாசித்திருக்கிறார்.

அவர் பங்காளி இல்லை. அவருக்குத் தீட்டும் இல்லை, கடமையும் இல்லை. பெரியப்பாவை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. என் அப்பாயி சாகிறவரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. இருக்கிறவனுக்கு எப்படித் திதி கொடுப்பது என்று கேட்பார். அப்பாவும் அதே வீம்பில் போய்ச் சேர்ந்தார். நாங்கள் யாரும் செய்யாததை, முன்பின் தெரியாத ஒருவர் செய்துவிட்டு உட்கார்ந்து நோட்டை வாசித்தார் என்பதை அந்தப் பையன் சொல்லிக் கேட்டபோது என்னால் நிற்க முடியவில்லை. இன்றைக்கும் இரவில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அந்தக் கிணற்றடிதான் கண்ணுக்குள் வருகிறது.

அதன் பிறகு என்னைத் தேடி அழைப்பு வந்ததும், என் கன்னத்துச் செல்லை எடுத்து ஒப்பிட்டதும், அவருக்கு நான் தம்பி மகன் என்று உறுதியானதும் உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் காரியத்துக்கு அத்தை வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு. முறையை வைத்துப் பார்த்து, "நீ எனக்குத் தம்பி மகன் ஆகிறாய், அத்தை என்று கூப்பிடு" என்றார். அன்றிலிருந்துதான் அத்தை. கோடி வேட்டி எடுத்து வந்திருந்தார். படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை அவிழ்த்து என் உள்ளங்கையில் அழுத்தினார். "உன் தாத்தா செய்தது. நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதால் திருப்பிச் செய்ய வீட்டில் ஒரு விசேஷமும் கிடைக்கவில்லை. இத்தனை நாளும் நோட்டில் நின்றது." அந்த நாணயம் இப்போது பெரியப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. அதை நான் செலவழிக்கப் போவதில்லை.

என் டிஎன்ஏவை நான் ஜெட்மேட்ச்சில் ஏற்றிவிட்டேன். காவல்துறைத் தேடலுக்கும் சம்மதம் கொடுத்திருக்கிறேன். 2019 மே மாதத்தில் அங்கே அதற்கு நாமே சம்மதம் தர வேண்டும் என்று மாற்றினார்கள், அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஒருவர் துப்பிய எச்சிலில் அவர் வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள், பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் தங்கையிடமும் மகனிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். கடல் கடந்து போன நம் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் எண்களாகக் கிடக்கிறார்களோ. யாராவது ஒருவரின் எலும்பு என்னைச் சுட்டினால், எந்த நேரமானாலும் அழையுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மொய் நோட்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வருகிற ஆவணியில் அத்தையின் கொள்ளுப் பேரனுக்குக் காதணி விழா. முதல் ஆளாகப் போய்ப் பந்தலில் நிற்கப் போகிறேன். மொய் எழுதுகிறவர் ஊரும் பெயரும் கேட்பார். பெரியப்பா பெயரைச் சொல்வேன்.