போர்ட்டிங்கின் நடுவே பதிப்பை மாற்றாதீர்கள்: சென்னை மொபைல் கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மொபைல் கேம் உருவாக்கும் சிறு நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் தொழில்நுட்பத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

தரமணியிலும் பெருங்குடியிலும் வேளச்சேரியிலும் பத்துப் பதினைந்து பேருடன் இயங்கும் நம் நிறுவனங்களில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரு முடிவைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். ஐபோனில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கேமை ஆண்ட்ராய்டுக்குப் போர்ட் செய்து, அதாவது அங்கேயும் ஓடும்படி மாற்றித் தரும்படி வேலை வருகிறது. அந்தக் கேம், கேம் எழுத உதவும் ஆயத்த நிரல் தொகுப்பான (ஃபிரேம்வொர்க்) கோகோஸ்2டி-எக்ஸின் பழைய பதிப்பு ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. "எப்படியும் நிரல் கோடைத் தொடப்போகிறோம், கையோடு ஃபிரேம்வொர்க்கையும் புதிய பதிப்புக்கு ஏற்றிவிடலாம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சரி என்கிறார்கள். பெரும்பாலும் அதற்குமேல் பேச்சு நடப்பதில்லை. அந்த இடத்தில் நீங்கள் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்ட் செய்வதும் பதிப்பை உயர்த்துவதும் வெவ்வேறு வேலைகள். ஒன்றை முடித்து, கேம் முன்பு ஓடியதைப் போலவே ஓடுகிறது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மற்றொன்றைத் தொடங்க வேண்டும். எது முதலில் என்பது கேமுக்குக் கேம் மாறலாம். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

ஏன் என்பதற்கு ஒரு பிழையை நெருக்கமாகப் பார்ப்போம். ஆண்ட்ராய்டில் விளையாடிக்கொண்டிருப்பவர் ஹோம் பொத்தானை அழுத்தி வெளியே போய்த் திரும்பும்போது ஓப்பன்ஜிஎல் கான்டெக்ஸ்ட் (திரையில் வரைய கிராஃபிக்ஸ் சில்லோடு கேம் வைத்திருக்கும் தொடர்பு) அழிந்துபோயிருக்கலாம். அப்படி அழிந்தால் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் இருந்த டெக்ஸ்சர்கள், அதாவது வரைவதற்கு ஏற்றி வைத்த படங்கள், எல்லாம் அதோடு போய்விடும். கோப்பிலிருந்து ஏற்றிய படங்களை ஃபிரேம்வொர்க் தானாக மீண்டும் ஏற்றிக்கொள்ளும். குழந்தை விரலால் வண்ணம் தீட்டிய பக்கத்தைப் போல, ஓட்டத்தின்போதே ரெண்டர் டெக்ஸ்சரில் (நினைவகத்தில் மட்டும் இருக்கும் வரைபலகையில்) வரையப்பட்டவற்றுக்குக் கோப்பு கிடையாது. அவற்றைக் காப்பாற்றத் தனியாகக் கவனம் வேண்டும். ஐபோனில் இந்தச் சிக்கல் எழுவதில்லை என்பதால், ஐபோனுக்கென்று பிறந்த கேமில் அதற்கான கோடை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இது முழுக்க முழுக்கப் போர்ட்டிங் சார்ந்த பிழை.

அதே கேமை கோகோஸ்2டி-எக்ஸின் 2-ஆம் வரிசைப் பதிப்பிலிருந்து 3-ஆம் வரிசைக்கும் உயர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2-இல் ஒரு நோடின் (திரையில் வரும் ஒரு பொருளின்) டிரா ஃபங்ஷனுக்குள் எழுதிய ஜிஎல் (ஓப்பன்ஜிஎல்) வரைதல் கட்டளைகள் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே நிறைவேறின. 2014-இல் வெளிவந்த 3.0 முதல், டிரா ஃபங்ஷன் தன் கட்டளைகளை ரெண்டரர் என்ற வரையும் பகுதியின் வரிசையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ரெண்டரர் அவற்றை ஒழுங்குபடுத்திப் பிறகு நிறைவேற்றுகிறது. நேரடியாக எழுதிய பழைய ஜிஎல் கட்டளைகளை அந்த வரிசையில் சேரும் கஸ்டம் கமாண்டுக்குள் வைக்காவிட்டால் அவை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகவே ஓடி முடிந்து, அவற்றின்மேல் பின்னணிப் படம் வந்து உட்கார்ந்துவிடும். இது பதிப்பு உயர்வு சார்ந்த பிழை.

இரண்டு பிழைகளும் சோதனையாளருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்: "படம் காணவில்லை." இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகச் செய்த குழுவிடம் பழைய பதிப்பில் ஓடும் ஆண்ட்ராய்டு பில்டும் (தொகுத்து ஓடத் தயாரான கேமும்) இருக்காது, புதிய பதிப்பில் ஓடும் ஐபோன் பில்டும் இருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லாமல், நல்ல நிரலாளர்கள் ஊகத்தின்மேல் ஊகமாக நாட்களைக் கரைப்பதை இந்த நகரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய திறமையில் குறையில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவர்களை நிற்க வைத்த திட்டத்தில்தான் குறை.

தொடுதலைக் கையாளும் முறையும் இப்படித்தான் மாறியது. 2-ஆம் வரிசையில் மெனுவின் முன்னுரிமை எண் -128; எண் குறையக் குறையத் தொடுதல் முன்னதாக வந்து சேரும். பாப்-அப் திறந்திருக்கும்போது பின்னால் உள்ள பொத்தான்கள் வேலைசெய்யக் கூடாது என்பதற்காக, பாப்-அப்புக்கு -129 என்றும் அதற்குள் உள்ள பொத்தான்களுக்கு அதைவிடக் குறைந்த எண் என்றும் கொடுப்பது அன்றைய வழக்கம். 3-ஆம் வரிசையில் திரையில் மேலே வரையப்பட்டதற்கே முதலில் தொடுதல் போய்ச் சேருகிறது. மெனுவும் இந்த விதிக்குள் வந்துவிட்டது. பழைய -129-ஐ யோசிக்காமல் நிலையான முன்னுரிமையாக அப்படியே எடுத்துவந்தால், அது வரைவு வரிசையில் உள்ள அனைத்துக்கும் முன்னால் தொடுதலை விழுங்கிவிடும். பாப்-அப்பின் சொந்தப் பொத்தானே செத்துப்போகும். இது ஐபோனிலேயே தெரிந்துவிடும் பிழை. அங்கே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக் கூடியதை, ஆண்ட்ராய்டின் பலவகைத் திரைகளுக்கு நடுவே போய் ஏன் தேட வேண்டும்?

தமிழ் எழுத்துகள் பற்றி நம் ஊர் நிறுவனங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு ஊர்களில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இது இடம்பெறுவதில்லை. 2-ஆம் வரிசையில் திரையில் சொற்களைக் காட்டும் டிடிஎஃப் லேபிள், எழுத்தை வரையும் பொறுப்பை ஆண்ட்ராய்டிடமும் ஐஓஎஸ்ஸிடமும் விட்டுவிட்டதால் தமிழ் ஒழுங்காக வந்தது. 3-இல் வந்த புதிய லேபிளில், எழுத்துருக் கோப்பைக் கொடுத்து உருவாக்கும் வழி ஃப்ரீடைப் என்ற எழுத்துரு நூலகத்தைக் கொண்டு ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக எடுத்து வரிசையாக அடுக்குகிறது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஷேப்பிங் அதில் இல்லை. "பெரிய" என்று கொடுத்தால் ஒற்றைக் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "யானை" என்பதில் ஐகாரக் குறி னகரத்தின் வலப்பக்கம் விழும். "கு" ஒரே எழுத்தாகச் சேராமல் ககரமும் உகரக் குறியும் பிரிந்து கிடக்கும். குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் கேமில் இப்படி ஒரு திரை வெளியானால் அது மன்னிக்க முடியாத தவறு. சிஸ்டம் எழுத்துரு வழியைப் பயன்படுத்துவதோ, ஷேப்பிங் செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகத்தை இணைத்துக்கொள்வதோதான் தீர்வு. ஹார்ஃப்பஸ்ஸை இணைப்பது சின்ன வேலையல்ல. அதைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

போர்ட்டிங்கும் தன் பங்குக்குத் தமிழைத் தொடும். ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவில் பொத்தானுக்குள் அடங்கிய சொல், ஆண்ட்ராய்டின் நோட்டோ தமிழ் எழுத்துருவில் அகலம் மாறி விளிம்பைத் தாண்டலாம். கொம்பு இடம் மாறியது பதிப்பால், சொல் பொத்தானை விட்டு வழிந்தது தளத்தால். இரண்டும் ஒரே திரையில் ஒன்றாக வந்தால், தமிழ் படிக்கத் தெரியாத சோதனையாளர் இரண்டையும் "ஃபான்ட் பிரச்சினை" என்று ஒரே டிக்கெட்டில் எழுதி அனுப்பிவிடுவார்.

3-ஆம் வரிசையின் 3.17.2 பதிப்பில் இருப்பவர்கள் 4.0-க்குப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், ஆண்ட்ராய்டு போர்ட்டுக்காகப் போக வேண்டாம் என்பதே. 2019 டிசம்பரில் வந்த 4.0-இன் பெரிய மாற்றம், ஆப்பிளின் சொந்த கிராஃபிக்ஸ் முறையான மெட்டலுக்கான ஆதரவு. ஐஓஎஸ் 12 வெளிவந்த 2018-இலேயே, கைபேசிகளுக்கான ஓப்பன்ஜிஎல்லான ஓப்பன்ஜிஎல் இஎஸ்ஸைக் கைவிடப்போவதாக ஆப்பிள் அறிவித்துவிட்டதால் அந்த மாற்றம் ஆப்பிள் தளத்துக்குத் தேவைப்பட்டது. ஆண்ட்ராய்டிலோ 4.0-உம் ஓப்பன்ஜிஎல் இஎஸ்ஸில்தான் ஓடுகிறது. பயன் அந்தப் பக்கம், செலவு இந்தப் பக்கம்: நீங்கள் எழுதிய ஒவ்வொரு ஷேடரின் (கிராஃபிக்ஸ் சில்லில் ஓடும் சிறு நிரலின்) இணைப்புக் கோடும் மாற வேண்டும், ஏனெனில் அந்த இணைப்பைச் செய்த ஜிஎல் புரோகிராம் வகுப்புகளே அதில் இல்லை, பில்ட் முறையும் முழுவதுமாக சிமேக் என்ற கருவிக்கு மாறுகிறது. அதற்குப் பின் உருவாக்கியவர்களின் கவனம் கோகோஸ் கிரியேட்டர் என்ற தங்கள் வேறொரு கருவிக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்ந்து பராமரிக்கப்படும் இடம்தான் வேண்டும் என்றால் 4.0-இலிருந்து கிளைத்த ஆக்ஸ்மோல் என்ற ஃபிரேம்வொர்க்கைப் பரிசீலிக்கலாம். ஆனால் அது தனித் திட்டமாக, தனிக் காலக்கெடுவோடு நடக்க வேண்டிய வேலை.

கூகுள் பிளேயின் விதிகளைக் காட்டி, பதிப்பை உயர்த்தியே ஆக வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒவ்வொரு விதியும் உண்மையில் எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும் இலக்காகக் கொண்டு அனுப்பப்படும் புதிய ஆப்களும் அப்டேட்களும் 16 கேபி நினைவகப் பக்க அளவை (நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவை) ஆதரிக்க வேண்டும். இதில் முக்கியமான சீரமைப்பு, .எஸ்ஓ கோப்பை (தொகுத்த நூலகக் கோப்பை) லிங்க் செய்யும் கட்டத்தில்தான் முடிவாகிறது. ஆண்ட்ராய்டுக்கு சி++ கோடைத் தொகுக்கும் கருவித்தொகுப்பான என்டிகேயின் ஆர்28 பதிப்பு அதைத் தானாகவே செய்கிறது, ஆர்27-இலும் அமைப்பை மாற்றிச் செய்துகொள்ளலாம். ஃபிரேம்வொர்க்கை மூலத்திலிருந்து நாமே பில்ட் செய்வதால் பதிப்பை மாற்றாமலே இதை நிறைவேற்ற வழியிருக்கிறது. பக்க அளவு 4096 என்று கோடில் எங்காவது நேரடியாக எழுதியிருந்தால் அதைத் திருத்த வேண்டும். விளம்பர எஸ்டிகே, ஒலி நூலகம் போன்று ஆயத்தமாக வரும் .எஸ்ஓ கோப்புகளுக்கு மட்டும் அவற்றைத் தருபவர்களிடம் புதியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உண்மையிலேயே தப்ப முடியாத நிலையும் உண்டு. 2019 ஆகஸ்ட் 1 முதல் கூகுள் பிளே 64 பிட் கோடைக் கட்டாயமாக்கியது. 2018-இல் வந்த என்டிகே ஆர்18-இல் ஜிசிசி என்ற பழைய தொகுப்பியும் ஜிஎன்யு எஸ்டிஎல் என்ற பழைய சி++ நூலகமும் நீக்கப்பட்டன. 2-ஆம் வரிசையோடு வந்த ஆயத்த நூலகங்களை வைத்துக்கொண்டு இவற்றோடு மல்லுக்கட்டுவது வீண். அப்படிப்பட்ட கேமுக்குப் பதிப்பை உயர்த்தத்தான் வேண்டும். அந்த உயர்வை முதலில் ஐபோனிலேயே செய்யுங்கள் என்கிறேன். பழைய பில்ட் ஒரு கைபேசியிலும் புதிய பில்ட் இன்னொன்றிலுமாக மேசையில் வைத்து, திரை திரையாக ஒப்பிடுங்கள். ஆப் ஸ்டோரில் அதை அப்டேட்டாக வெளியிட்டு, விளையாடுபவர்களிடமிருந்து வரும் கிராஷ் அறிக்கைகள் அடங்கும்வரை பொறுங்கள். அதன்பின் ஆண்ட்ராய்டைத் தொட்டால், அங்கே தோன்றும் பிழை ஆண்ட்ராய்டின் பிழைதான் என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டு முறை சோதிக்க வேண்டியிருக்குமே, செலவு கூடுமே என்று உரிமையாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சோதனைச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் சோதனையின் நாட்களை முன்கூட்டியே மதிப்பிட முடியும். காரணம் தெரியாத பிழையைத் தேடும் நாட்களை யாராலும் மதிப்பிட முடியாது. நிலையான தொகைக்கு ஒப்பந்தம் போடும் சிறு நிறுவனத்தைச் சாய்ப்பது இரண்டாவது வகைதான். ரிச்சி தெருவில் நினைவகம் குறைந்த பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் சிலவற்றை வாங்கி வைப்பதற்கு ஆகும் பணம் இதோடு ஒப்பிட ஒரு பொருட்டே அல்ல. கான்டெக்ஸ்ட் அழியும் பிழைகளைப் புதிய உயர்ரகக் கைபேசியைவிட அவை விரைவாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. அடுத்த போர்ட்டிங் ஒப்பந்தத்தில் பதிப்பு உயர்வைத் தனி வேலையாக, தனித் தொகையோடும் தனித் தேதியோடும் எழுதுங்கள். வாடிக்கையாளர் அது வேண்டாம் என்றால், எந்தப் பதிப்பில் நிற்கிறோம் என்பதையும் அதன் காரணத்தையும் அதே தாளில் குறிப்பிடுங்கள். போர்ட்டிங் கிளையில் ஃபிரேம்வொர்க்கின் கோப்புறைக்குள் தளம் சாராத எந்த மாற்றத்தையும் ஏற்காதபடி கோட் ரிவ்யூவில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள். தமிழ் எழுத்துக்கான ஹார்ஃப்பஸ் இணைப்பை உங்களில் எவரேனும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தால், அதை மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளும்படி திறந்த மூலமாக வெளியிடுங்கள். ஒரே வேலையை ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மொபைல் கேம் நிரலாளர் ஒருவர்,
வேளச்சேரி, சென்னை.