எங்கே திரும்பினாலும் கல்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். "மால்டாவில் பார்க்க என்னப்பா இருக்கு? எங்கே திரும்பினாலும் மஞ்சள் கல்லுதான்" என்று போனில் சொன்னாயே, அந்தக் கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மொத்தமே 316 சதுர கிலோமீட்டர் நாடு. ஆறு இல்லை, காடு இல்லை. தாராளமாக இருப்பது சுண்ணாம்புக்கல் மட்டும்தான். அதை வைத்தே அந்த மக்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பாரம்மா. மால்டாவைச் சேர்ந்த கோசோ தீவில் இருக்கும் ஜிகாந்தீயா கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழையவை. இரும்பும் செம்பும் கையில் இல்லாத காலத்தில் கட்டியது.

அதைவிட எனக்கு ஆசை ஹைப்போஜியம் என்ற நிலத்தடிக் கல்லறைதான். 1902-இல் வீடு கட்டத் தண்ணீர்த் தொட்டி தோண்டியவர்கள் கண்ணில் பட்டது. பாறைக்குள் மூன்று அடுக்காகக் குடைந்திருக்கிறார்கள். கூரையில் செங்காவிச் சுருள்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. நம் மூச்சுக்காற்றின் ஈரம்கூட அவற்றைக் கெடுத்துவிடும் என்பதால் ஒரு நாளைக்குச் சுமார் 80 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள்.

அப்புறம் தலைநகர் வாலெட்டா. 1565-இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய கையோடு, மறு வருடமே, அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் சபையின் வீரத்துறவிகள் கட்டத் தொடங்கிய நகரம். அங்கே புனித யோவான் பேராலயத்துக்கு அவசியம் போ. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியம் அங்கே இருக்கிறது. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே தன் பெயரை எழுதியிருப்பார். அவர் கையெழுத்திட்டதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே ஓவியம் அதுதான். ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர். மால்டாவில் அந்தச் சபையின் வீரர் பட்டம் பெற்று, அதே வருடம் சிறைப்பட்டு, தப்பியும் ஓடினார். பட்டத்தைப் பறித்த சடங்கை அந்த ஓவியத்தின் முன்னாலேயே நடத்தினார்கள். எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வருகிறது.

மோஸ்தா ஊரின் தேவாலயத்தையும் பார்த்துவிடு. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரலில் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு குண்டு விழுந்தபோது உள்ளே கூட்டம் இருந்தது. குண்டு வெடிக்கவில்லை.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. கோசோ கடலோரத்தில் பெரிய கல் வளைவு ஒன்று இருந்தது, 'நீலச் சாளரம்' என்பார்கள். 2017 மார்ச்சில் ஒரு புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

ஹைப்போஜியம் டிக்கெட் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடுமாம். டூட்டி அட்டவணை வந்ததும் முதலில் அதைப் பதிவு செய். பணம் நான் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா