டப்பாவில் இருக்கும் 1939

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சாயங்காலம் கோயில் வரைக்கும் மெதுவாக நடந்துவிட்டு வருகிறார்.

பழைய நாணயங்கள் பெரிய விலைக்குப் போவதாக நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். "தாத்தாவோட பிஸ்கட் டப்பாவுல இதெல்லாம் இருக்குமே, லட்சக்கணக்குல போகுதாம், எடுத்துப் பாரும்மா" என்று எழுதியிருந்தாய். பார்த்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நாணயம் என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் முன்னால் பேச முடியாத சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு ஒரு நாணயக் கண்காட்சியில், உலக நாணயங்களை எல்லாம் பட்டியல் போடும் பழைய 'கிராஸ்' கேட்டலாக் வாங்கினேனே, நினைவிருக்கிறதா? 1972-இல் முதல் பதிப்பு வந்த புத்தகம் அது. அப்புறம் நூற்றாண்டுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டார்கள். என்னிடம் இருப்பது இரண்டு, இரண்டுமே செங்கல் கனம். ஒவ்வொரு நாணய வகைக்கும் 'கேஎம்' என்று ஒரு எண் இருக்கும். கிராஸ், மிஷ்லர் என்ற இரண்டு பேரின் முதலெழுத்து. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற வியாபாரியிடமும் அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்த நாணயம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

உன்னை மாதிரிதான் நானும் முதலில் விலை இருக்கும் பக்கமே பார்த்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் அது தப்பு என்று தெரிந்தது. விலை டாலரில் இருக்கிறது, அதுவும் புத்தகம் அச்சான வருஷத்து விலை. வெள்ளி விலை அன்றைக்கு எங்கே, இன்றைக்கு எங்கே! நம் ஊர் நாணயத்துக்கு நம் ஊரில் இருக்கிற கிராக்கி அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. அதனால் விலையை விட்டுவிட்டு, கையில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு அதை விட்டால் வேறு ஆள் இல்லை.

ஒன்று சொல்கிறேன். டப்பாவில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஆறு இருக்கிறது. பார்வைக்கு ஆறும் ஒன்றுதான். ஆனால் புத்தகத்தில் 1911-க்கு ஒரு எண், 1912-இல் தொடங்கி வேறு எண். ஏன் என்று லென்ஸ் வைத்துப் பார். ராஜாவின் அங்கியில், மார்புப் பக்கம் சின்னதாக ஒரு யானை இருக்கும். 1911-இல் அதற்குத் தும்பிக்கை குட்டையாகப் போய், யானை பன்றி மாதிரி தெரிந்தது. ஜனங்கள் முகம் சுளிக்கவே, அடுத்த வருஷம் தும்பிக்கையை நீட்டித் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்று இன்றைக்கும் தேடுகிறார்கள். நம்முடைய ஆறிலும் யானை யானையாகவே இருக்கிறது! ஐந்தில் தும்பிக்கை தேய்ந்து மழுங்கிவிட்டது. ஒன்றில் மட்டும் அங்கியின் பூவேலைகூட எண்ணும்படி இருக்கிறது. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன் என்று பிரிப்பதெல்லாம் இந்தத் தேய்மானத்தை வைத்துத்தான். அந்த ஐந்தும் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் போகாது.

தேய்மானம் காலத்தால் வந்தால் பரவாயில்லை. 1835 கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணா நாலைந்து கிடக்கிறதே, அதில் மூன்று என் கைங்கரியம். கல்யாணமான புதிதில், ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபள என்று அடுக்கி வைத்தேன். தாத்தா ஒன்றுமே சொல்லவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றார். செம்பில் நூறு வருஷமாகப் படிந்த பழுப்புதான் அதற்கு அழகு என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது சின்னக் குழந்தையின் உள்ளங்கை மாதிரி ரோஸ் நிறத்தில் இருக்கிறது. புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் அதற்கு இடம் இல்லை. முப்பது வருஷம் பேங்கில் கேஷியராக இருந்து நாணயத்தை எண்ணியவள், அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டது ரிடையரான பிறகுதான்.

பழசானால் விலை என்பதும் இல்லை. அடியில் தடியாக ஒரு செப்புக்காசு கிடந்தது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கேடயம், 1808. மறுபக்கம் பாரசீக எழுத்து, கீழே ஆங்கிலத்தில் 'எக்ஸ் கேஷ்'. ரோமன் எண்ணில் எக்ஸ் என்றால் பத்து, அதாவது பத்துக் காசு. நம் காசுதான் அவர்கள் வாயில் கேஷ் ஆனது. மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் அடித்துக் கப்பலில் அனுப்பியது. அப்படிக் காசை ஏற்றிக்கொண்டு வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள் மணல்திட்டில் மாட்டி மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளித்து லட்சக்கணக்கில் எடுத்தார்கள். சந்தைக்கு வராமல், யார் கையும் படாமல் கிடந்த காசுகள்! அவ்வளவு கிடைத்ததால் இருநூறு வருஷத்துக் காசு இன்றும் மலிவு. நம்முடையது கடலில் கிடந்ததில்லை. நன்றாகத் தேய்ந்திருக்கிறது, எத்தனை கத்தரிக்காய் வாங்கியதோ. விலைக்கு அது ஒன்றுமில்லை, எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்புறம் அந்த ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கம்பெனிக் காசு. கோடி ரூபாய் என்கிறார்களே, அதேதான், நம்மிடமும் ஒன்று இருக்கிறது. புத்தகத்தை மூன்று தரம் புரட்டினேன், இல்லை. இல்லை என்பதும் ஒரு பதில்தான். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பின்னாளில் யாரோ அடித்து விற்ற டோக்கன். சாமி படம் என்பதால் பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன். கோடி தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்று யாராவது சொன்னால் அசையாதே. ரிசர்வ் வங்கி பெயரிலேயே இந்த வேலை நடக்கிறது என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. எதிர் வீட்டுக்காரர் பணம் கட்டிவிட்டு இன்னும் போனுக்குக் காத்திருக்கிறார்.

சரி, இப்போது அந்தச் சங்கதி.

தாத்தாவின் 1939 ரூபாய். அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் எடுத்துக் காட்டுவாரே, அது. ஆறாம் ஜார்ஜ், உயர்ந்த தர வெள்ளியில் கடைசி வருஷம். 1940-இல் பாதிதான் வெள்ளி என்று குறைத்துவிட்டார்கள். புத்தகத்தில் 1938-க்கும் 1939-க்கும் எண் ஒன்றுதான், விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும், 1939தான் மலை. உன் வீடியோவிலும் அதுதான் வந்தது. எனக்குக் கை நடுங்கியது உண்மை. தெரிந்த நகைக்கடையில் எடை போட்டேன். ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் இருக்க வேண்டும். கொஞ்சம் தேய்மானம் போகச் சரியாக இருந்தது. உரசியும் பார்த்தார், நல்ல வெள்ளி. வீட்டுக்கு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து லென்ஸில் வருஷத்தைப் பார்த்தேன். 1939-இல் இரண்டு ஒன்பது இருக்கிறது இல்லையா? முதல் ஒன்பதின் வால் வழவழப்பாக வளைந்து மெலிகிறது. இரண்டாவதின் வால் வெட்டினாற்போல் நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் உலோகம் ஊசியால் சுரண்டின மாதிரி வரிவரியாக இருக்கிறது. 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். நாணயம் அசல், வருஷம் பொய். எடையும் உரைகல்லும் இதைக் காட்டிக்கொடுக்காது.

தாத்தா அதை ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கினார் என்று அப்பா சொல்வார். விற்றவர் எங்கே இருக்கிறாரோ. தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மற்றவற்றை எல்லாம் காகித உறையில் போட்டு மேலே எழுதி வைத்தவர், இதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

அதனால் விற்கிற பேச்சு வேண்டாம். பூவேலை தெரிகிற அந்த எக்ஸ்ட்ரா ஃபைன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு உண்மையில் என்ன விலை என்று உனக்குத் தெரிய வேண்டுமானால், ஏல நிறுவனங்கள் போடும் பழைய ஏல முடிவுகளைப் பார். கேட்கிற விலையைப் பார்க்காதே, விற்றுப்போன விலையைப் பார். அதிலும் கமிஷன் கழிந்துதான் நம் கைக்கு வரும். வியாபாரியிடம் கொண்டுபோனால் இன்னும் குறைவாகத்தான் கேட்பார். அவரும் பிழைக்க வேண்டும். குழந்தைக்குக் காட்ட 1808-ஐத் தபாலில் அனுப்பச் சொன்னாய். முடியாதுடா. நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. லீவுக்கு வரும்போது இங்கேயே பார்க்கட்டும். ரூபாயில் இருக்கிற யானையையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

நீ இங்கிருந்து கிளம்பும்போது தாத்தா உன் பர்ஸில் 1950 அரை ரூபாய் ஒன்றை வைத்தாரே, அது இருக்கிறதா? எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி ஏதாவது வருஷத்துக்கு அடியில் தெரிகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பு. துடைத்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அப்பா 1939-ஐ எடுத்து கேமரா முன்னால் நீட்டினாலும் நீட்டுவார். வருஷத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதே.

அன்புடன்,
அம்மா