அந்த 26 கேள்விகள் போதாது

அன்புள்ள கலா,

உன் கடிதமும் கேள்வித்தாளும் வந்து சேர்ந்தன. முதலாண்டுப் பிள்ளைகளின் உடல்தோற்றக் கவலையை அளக்கும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்றாய். தாளை இப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதே. நீ அதில் எடுத்திருக்கும் அந்த 26 கேள்விகள் (EAT-26 என்ற, சாப்பாட்டு மனப்பான்மையை அளக்கும் சோதனை) 1982-ல் கனடாவில் பெண்களை வைத்துச் சரிபார்த்தவை. ஒல்லியாக வேண்டும் என்ற தவிப்பையும் சாப்பாட்டுப் பயத்தையும்தான் அவை பிடிக்கும். கவலை வேறு இடத்தில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டிய எல்லையான 20-க்குக் கீழே மதிப்பெண் வாங்கி, 'பிரச்சினை இல்லை' கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்குத் தோற்றக் கவலை குறைவு என்று பல ஆய்வுகள் சொன்னதும் பெரும்பாலும் எடையை மட்டும் கேட்டுத்தான். முடியையும் நிறத்தையும் யார் கேட்டார்கள்?

இன்னொன்று, 'பசித்தாலும் சாப்பிடாமல் இருப்பேன்' என்பதற்கு வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவளும் ரம்ஜான் நோன்பு வைப்பவனும் ஆமாம் போடுவார்கள். 'விரத நாட்கள் நீங்கலாக' என்று மேலே ஒரு வரி சேர்த்துவிடு.

பையன்கள் விஷயத்தில்தான் கணக்கு ரொம்பத் தவறும். ஒன்பது உருவப் படங்களைக் காட்டி, 'இப்போது எது, ஆசைப்படுவது எது' என்று கேட்கிறாய். ஐந்து பேர் இரண்டு படம் பெருக்க வேண்டும் என்பார்கள், ஐந்து பேர் இரண்டு படம் இளைக்க வேண்டும் என்பார்கள். சராசரி பூஜ்யம்! பத்துப் பேரும் வருத்தத்தில் இருக்க, உன் அறிக்கை எல்லோரும் திருப்தி என்று சொல்லும். பெருக்க நினைப்பவர், இளைக்க நினைப்பவர் என்று பிரித்தே எண்ணு. அந்தப் படங்களில் கூடுவது சதைதான், தசை இல்லை. 'ஓமக்குச்சி' என்று பெயர் வாங்கியவன் கேட்பது தோளும் கையும். ஜிம், புரோட்டீன் பவுடர், தசை ஏற்றும் ஊசி பற்றித் தனியாகக் கேள்.

அடுத்தது நிறம். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்பதை நாம் பாராட்டாகவே சொல்கிறோம். அந்த 'இருந்தாலும்' உன் தாளில் எங்குமே இல்லை. பெண்களுக்கான சிவப்பழகு க்ரீம் 1975-லேயே கடைக்கு வந்தது, ஆண்களுக்கென்று 2005-ல். எனவே பையன்களிடமும் கேள். 'நிறம் பிடிக்குமா' என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் எழுதுவார்கள். என்ன க்ரீம், யார் சொல்லி, எங்கே வாங்கியது, எத்தனை மாதமாக என்று கேள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் சில வாரத்தில் வெளுக்க வைக்கும். பிறகு தோல் மெலியும், பரு வரும், மீசை இடத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும் என்பதால் மறுபடி அதையே தடவுவார்கள். அதனால் 'தூக்கிப் போடு' என்று நீயே சொல்லிவிடாதே, தோல் மருத்துவரிடம் அனுப்பு. லேபிள் இல்லாத க்ரீம் என்றால் பாதரசம் இருக்கலாம். 2023-ல் மலப்புரத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதை விசாரித்தபோது, வெளுப்பாக்கும் க்ரீம்களில்தான் போய் நின்றது.

மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளுக்கு நிறக் கேள்வி மட்டும் பொருந்தாது. அவர்கள் காதில் விழுவது கண்ணையும் மூக்கையும் பற்றிய கேலி. வீடு, விடுதி, வகுப்பு, பேருந்து என்று கட்டம் போட்டு, முகத்தை வைத்து எங்கே என்ன சொன்னார்கள் என்று கேள். ஆறே பேர் இருந்தால் அவர்களைத் தனி வரிசையாக அறிக்கையில் போடாதே, யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எடை பார்ப்பதென்றால் ஒவ்வொருவராகத் தனியறையில் பார். 160 செ.மீ., 60 கிலோ உள்ள பெண்ணுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 23.4. உலகப் பொது அளவுக்கு 25 வரை சரி. ஆசியர்களுக்கு 23-லேயே சர்க்கரை நோய் அபாயம் கூடத் தொடங்குகிறது, அதே எடையில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம் என்பதால். ஒரு செயலி நார்மல் என்று சொல்லும், இன்னொன்று குண்டு என்று சொல்லும். விளக்க நேரமில்லை என்றால் எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடு.

திருத்திய தாளை முதலில் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார். எந்தக் கேள்வியில் பேனா நின்றது என்று குறித்து அனுப்பு, சேர்ந்து மாற்றலாம்.

அன்புடன்,
வசந்தி