கண்ணாடியோடு ஒரு படம்

அன்புள்ள கயல்,

நலமா? ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். ஏழு வயது. புதிதாகக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவளோ அதைப் பைக்குள் ஒளித்துவிட்டு, தொலைக்காட்சிக்கு அரையடி தூரத்தில் போய் நிற்கிறாள். அவளுக்காக டிஸ்னியின் ‘என்காண்டோ’வைப் போட்டேன். 2021இல் வந்தது. நீ பார்த்திருப்பாய்.

கொலம்பிய மலைகளுக்கு நடுவே ஒரு கூட்டுக்குடும்பம். ஆளுக்கு ஒரு வரம். ஒருத்தி பூக்களை மலரவைக்கிறாள், ஒருத்தி கழுதைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். மிராபெலுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. சுருட்டை முடி, வட்டக் கண்ணாடி, அவ்வளவுதான். சித்தியின் கணவர் கறுப்பர். பிள்ளைகள் ஆளுக்கொரு நிறம். அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளை நினைத்துக்கொண்டேன். கழுதை தூக்கும் லூயிசா களைத்துப்போய்ப் பாடும் பாட்டை உன் அக்காவைக் கேட்கச் சொல்.

எல்லோரும் மிராபெலின் பாட்டியைத் திட்டுவார்கள். என்னால் முடியவில்லை. மூன்று கைக்குழந்தைகளோடு ஊரைவிட்டு ஓடும் வழியில், ஆற்றங்கரையில் கணவனைப் பறிகொடுத்தவள். மிஞ்சியதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பேத்தி நசுங்கியது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அதே ஆற்றங்கரையில் சில நிமிடங்களில் பேத்தி அவளை மன்னித்துவிடுகிறாள். படத்தில் எனக்குப் பிடிக்காத இடம் அதுதான். அவ்வளவு சுலபமா என்ன?

மிராபெலுக்குக் கடைசிவரை தனி வரம் கிடைப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் அழகியாவதும் இல்லை. அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று கண்ணாடியைக் கழற்றச் சொன்னது நான்தான். ஜாதகத்தோடு அனுப்பிய படத்துக்கும் அப்படித்தான். நீ காபித் தட்டோடு போய், மாப்பிள்ளை என்று நினைத்து அவருடைய தாய்மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தாய். இருபது வருடமாக அதை ஒரு வேடிக்கைக் கதையாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ ஒருமுறையும் கூடச் சிரித்ததாக நினைவில்லை.

பாதிப் படத்தில் எழுந்துபோன குழந்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். நான் அவளைச் சோபாவில் தள்ளி உட்காரவைத்திருந்தேன். திரை தெரியாததால்கூட இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் நீ அனுப்பிய பிறந்தநாள் படத்தில் உன் முகத்தில் கண்ணாடியைக் காணோம். லென்ஸ் போட்டிருந்தாயா, இல்லை அம்மாவுக்கு அனுப்புகிறோமே என்று கழற்றினாயா? கழற்றியிருந்தால் இன்னொன்று எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா